ஏழு மணிக்கு முன் வந்தவை

என் மனைவியின் குரல் இப்போது என்னிடம் இல்லை. அதை அழித்தது நான்தான். கோபத்தில் அழிக்கவில்லை, குடித்துவிட்டு அழிக்கவில்லை, கைதவறியும் அழிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, நிதானமாக உட்கார்ந்து யோசித்து, அதற்கென்று ஒரு விதி எழுதினேன். அந்த விதி ஒரு நாள் தவறாமல் வேலை செய்தது. என் வாழ்க்கையில் நான் தொட்ட காரியங்களில் பழுதில்லாமல் நடந்தது அது ஒன்றுதான்.

எனக்கு ஆந்திரத்தில் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையின் கிடங்கில் வேலை. வந்து இறங்கும் பெட்டிகள் எந்த ரேக்குக்குப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் விதி எழுதி வைப்பது என் பிழைப்பு. இந்த எண்ணில் தொடங்கினால் இந்தப் பக்கம், இத்தனை கிலோவுக்கு மேல் போனால் கீழ்த்தட்டு, தேதி தாண்டினால் வெளியே. பதினான்கு வருடம் இதையே செய்தால் மூளை அந்த மாதிரியே ஆகிவிடும். பாத்திரம் கழுவப் போனாலும் டம்ளர் தனி, தட்டு தனி என்று அடுக்கிவிட்டுத்தான் கையை நனைப்பேன். "வூட்ட குடோனு ஆக்கிடாதீங்க" என்பாள் அவள்.

அவள் நாங்கள் குடியிருந்த திருப்பதியிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு வருடமாக நைட் டியூட்டியை அவளே கேட்டு வாங்கியிருந்தாள். மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. காலை ஐந்தேகாலுக்கு நான் கம்பெனி பஸ் ஏறுவேன். அவள் எட்டரைக்கு வருவாள். சாயங்காலம் ஆறேமுக்காலுக்கு நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் சீருடையில் தலை பின்னிக்கொண்டிருப்பாள். அரை மணி நேரம் ஒன்றாக இருப்போம். அதில் பாதி, சாவி எங்கே, பால் பாக்கெட் எங்கே என்பதிலேயே போய்விடும்.

டிவிக்குக் கீழே உள்ள அலமாரியில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தேன். ஒரு ஆபீசில் கழித்துப் போட்டதை வாங்கி வந்து, பெரிய ஹார்ட் டிஸ்க் போட்டு, கரண்ட் போனாலும் அணையாதபடி யுபிஎஸ் மாட்டி வைத்தது. அதற்குத் திரை டிவிதான். வீட்டில் அதற்குப் 'பொட்டி' என்று பெயர். எங்கள் கல்யாண வீடியோ, மகளின் ஞானஸ்நானம், சொந்த ஊரான சித்தூரில் சபையின் கிறிஸ்துமஸ் ஆராதனைகள், சினிமாக்கள், பாட்டுகள், எங்கள் இருவர் போனில் வந்து சேரும் அத்தனையும் அதற்குள் குவிந்து கிடந்தன. போனில் இடம் இல்லை, இடம் இல்லை என்று இருவருக்கும் தினமும் ரோதனை. அதனால் இரண்டு போன்களிலும் ஒரு ஏற்பாடு செய்தேன். வீட்டு வைஃபைக்குள் வந்தவுடன் அன்றைய படம், வீடியோ, ஆடியோ எல்லாம் பொட்டிக்குப் போய்விடும். போய்ச் சேர்ந்ததும் போனிலிருந்து அழிந்துவிடும். பொட்டிக்குள் போனதை விதிகள் பிரித்துக்கொள்ளும்.

அந்த விதிகளைப் பற்றி எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் சினிமா. பெயரில் மகளின் பள்ளிக்கூடம் இருந்தால் அவள் பெட்டி. முகத்தை வைத்து ஆளைப் பிரிக்க ஒன்று இருந்தது. அது கிறிஸ்துமஸ் படத்தில் வெள்ளைச் சேலை கட்டிய அத்தனை பெண்களையும் என் அக்கா என்று முடிவு செய்து, அக்காவுக்கு மட்டும் நூற்றுக்கணக்கில் படம் சேர்த்து வைத்தது. சினிமா விதி எங்கள் கல்யாண வீடியோவையும் சினிமாவில் கொண்டுபோய்ப் போட்டது. "சரியாத்தான போட்டிருக்குது, சிரிப்புப் படம்" என்றாள் அவள். நான் விடாமல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.

திருத்த முடியாத ஒரே தொல்லை காலைச் செய்திகள். சபைக் குழுவில் தினமும் விடியும் முன்பே வாக்குத்தத்த வசனம் வந்துவிடும், பின்னால் சூரிய உதயமும் ரோஜாப்பூவுமாக. ஒருவர் அனுப்பினால் போதாது. இருபது பேர் அதையே அனுப்புவார்கள். கூடவே ஐந்து நிமிட ஆடியோ ஜெபம். இன்னொரு பக்கம் எங்கள் அபார்ட்மெண்ட் குழுவில் தெலுங்கில் சுபோதயம் என்று காலை வணக்கம், சாமி படம், பக்திப் பாட்டு. ஆண்டவருடைய ஆசீர்வாதம் காலை ஏழு மணியோடு காலாவதி ஆகிவிடும் என்று இவர்களுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள் போல. ஐந்திலிருந்து ஏழுக்குள் எல்லாம் கொட்டி முடிந்துவிடும். அதைக் கவனித்த அன்றுதான் எனக்கு அந்த அற்புதமான யோசனை வந்தது. படமோ பேச்சோ, பழையதோ புதியதோ, எதுவாக இருந்தாலும், காலை ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் போன்களில் பதிவானவை நேரே குப்பைக்கு. குப்பையில் முப்பது நாள் கிடக்கட்டும். பிறகு தானாகவே அடியோடு அழியட்டும்.

ஏழு என்று நானே தட்டினேன். முப்பது என்பதையும் நானேதான் தட்டினேன்.

அவளும் எனக்கு அந்த நேரத்தில்தான் பேசி அனுப்புவாள். வார்டில் விடியற்காலை ஊசி, டெம்பரேச்சர் எல்லாம் முடித்துவிட்டு, ஆறு மணி வாக்கில் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு டீ குடிப்பாள். குடித்துக்கொண்டே பேசி அனுப்புவாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். டப்பாவில் நேற்று வைத்த சோற்றை மகள் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தது, பத்தாம் நம்பர் பெட் கிழவர் இவளைத் தன் மருமகள் என்று நினைத்துத் திட்டியது, கேஸ் புக் பண்ண வேண்டியது. எங்களுக்குள் நடந்த குடும்பம் முக்கால்வாசி அந்த மாடிப்படியில்தான் நடந்தது.

அதை நான் பஸ்ஸில் உட்கார்ந்து கேட்பேன். எப்படிக் கேட்பேன் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இரட்டை வேகத்தில். அந்தப் பொத்தானை ஒரு தடவை அழுத்தி வைத்திருந்தேன், அப்படியே இருந்துவிட்டது. இரண்டு நிமிடப் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், தூக்கம் மிச்சம். அவளுக்கு அது தெரியாது. இரண்டு வருடம் என் மனைவி கீச்சுக் குரலில் படபடவென்று பேசுவதைத்தான் நான் அதிகமும் கேட்டிருக்கிறேன்.

விதி எழுதிய அன்று அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பேசி அனுப்பறது எங்க போவும்?" என்று கேட்டாள்.

"எல்லாம் அதது எடத்துக்குப் போவும், நீ போய் காபி போடு" என்றேன்.

கேட்டு முடித்த பேச்சு எங்கே போனால் என்ன என்று நான் நினைத்ததாகக்கூட ஞாபகம் இல்லை. நினைக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்கு அவள் கடைசியாகப் பேசி அனுப்பினாள். ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு வினாடி. அன்றைக்கு நான் பஸ்ஸில் தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தபோது வளைவு தாண்டி கம்பெனி கேட் தெரிந்தது. உள்ளே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அவசரமாகக் காதில் வைத்தேன்.

"ஏங்க, ஏறிட்டீங்களா? ராத்திரி எல்லாம் தலைய வலிச்சிகினே இருந்துச்சி. இப்போ டீ குடிச்சிகினு இருக்கேன், பரவால்ல. பாப்பாவோட சயின்ஸ் நோட்டு அடுப்பாண்ட இருக்குது, மறந்துட்டு போயிடப் போறா, பக்கத்து வூட்டுக்கு போன் பண்ணிச் சொல்லுங்க. அப்புறம் ஏங்க..."

அதற்குள் பஸ் நின்றது. நிறுத்திவிட்டு இறங்கினேன். மீதியை மத்தியானம் கேட்டுக்கொள்ளலாம் என்று லாக்கரில் வைத்துப் பூட்டினேன். நோட்டைப் பற்றி மகளுக்குச் சொல்லவில்லை. தலை வலிக்கிறது என்று அவள் சொன்னது என் காதில் ஒரு வினாடிதான் ஓடியது.

ஏழரை மணிக்கு வார்டிலேயே விழுந்துவிட்டாள். மூளையில் ரத்தக் கசிவு. அவளோடு வேலை பார்த்தவர்களே தூக்கிக் கட்டிலில் போட்டு, செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். என் போனுக்குப் பதினொரு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். லாக்கருக்குள் அது அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. புதன்கிழமை மாற்றுத்துணி எடுக்க ஒரு தடவை வீட்டுக்கு வந்தேன், அவள் கைப்பையையும் அதில் இருந்த போனையும் வைத்துவிட்டுப் போனேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் போய்விட்டாள். கண்ணே திறக்கவில்லை. சனிக்கிழமை சித்தூரில், சபையின் பழைய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணினோம்.

அடக்கம் முடிந்து திருப்பதி வீட்டுக்கு வந்ததும் என் அக்கா முதலில் செய்த காரியம், ஒரு வெள்ளைப் பெட்ஷீட்டை எடுத்து டிவியை மூடியது. டிவியோடு கீழே இருக்கிற அலமாரியும் சேர்ந்து மூடிக்கொண்டது. நாங்கள் நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். தீட்டு கிடையாது, திதி கிடையாது என்று மேடையில் சொல்லுவோம். ஆனால் சாவு வீட்டில் முப்பதாம் நாள் ஜெபக்கூட்டம் முடிகிற வரைக்கும் டிவி போடக் கூடாது, பாட்டு ஓடக் கூடாது. இது எந்த அதிகாரத்தில் எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் சபையில் மீறினவரும் இல்லை.

விசாரிக்கிறவர்கள் கூப்பிடுவார்கள் என்று அக்கா இரண்டு போன்களையும் சார்ஜில் போட்டு வைத்தாள். என்னுடையதையும், என் மனைவியுடையதையும்.

மூன்றாம் நாள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அந்தச் செவ்வாய்க்கிழமைப் பேச்சைத் தொட்டேன். ஓடவில்லை. இந்த ஆடியோ உங்கள் போனில் இல்லை, அனுப்பியவரிடம் மறுபடி அனுப்பச் சொல்லவும் என்று வந்தது. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆனால் பயப்படவில்லை. போனில் இல்லையென்றால் பொட்டியில் இருக்கும், பத்திரமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நானல்லவா.

ஒன்பதாம் நாள் தாங்க முடியவில்லை. எழுந்து போய் பெட்ஷீட்டின் ஓரத்தைத் தூக்கினேன். அக்கா சமையலறையிலிருந்து வந்துவிட்டாள்.

"இன்னாடா பண்ற?"

"அவ பேசனது ஒன்னு இதுல இருக்குதுக்கா. ஒரு தரம் கேட்டுட்டு மூடிடறேன்."

"பாக்க வரவங்க வந்துகினே இருக்காங்க. பொண்டாட்டி செத்து பத்து நாள் ஆவல, டிவி போட்டுகினு உக்காந்துகிறான்னு சொல்லமாட்டாங்க? முப்பது நாள் கம்முனு இரு. அது எங்க போயிடப் போவுது?"

பெட்ஷீட்டை விட்டுவிட்டேன். அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு விதி தெரியாது. எழுதிய எனக்குத்தான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். டிவி வேறு, பொட்டி வேறு, ஒன்றை மூடினால் இன்னொன்று நிற்காது என்பது ஊருக்கே தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

அதை எல்லாம் பார்த்துக்கொண்டு மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அக்கா போன பிறகு கேட்டாள்.

"நைனா, அம்மா பேசனது எல்லாம் பொட்டில இருக்குதா?"

"இருக்குது."

"நீ எனக்கு ஒன்னுகூட போட்டுக் காட்டுனதே இல்ல. முப்பது நாள் ஆனதும் கேக்கலாமா?"

"கேக்கலாம். எல்லாத்தையும் கேக்கலாம்."

அவள் காலண்டரில் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தாள். காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் ஒரு கோடு. எனக்கும் அந்தக் கோடுகளைப் பார்த்தால்தான் நாள் நகர்ந்தது.

முப்பதாம் நாள் ஜெபக்கூட்டத்தை எல்லோருக்கும் வசதியாக ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். சித்தூரிலிருந்து ஒரு வேனில் வந்தார்கள். போதகர் ஆறுதல் சொன்னார். கீர்த்தனை பாடினார்கள். சாப்பிட்டார்கள். நான்கு மணிக்கு வேன் கிளம்பியது. அக்காவும் அதிலேயே போனாள். கதவைச் சாத்தியதும் மகள் பெட்ஷீட்டை உருவினாள். உள்ளே பொட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு மாதமும் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

டிவியைப் போட்டுப் பேச்சுகள் இருக்கும் பக்கத்தைத் திறந்தேன். காலியாக இருந்தது. தேதி போட்டுத் தேடினேன். ஒன்றும் இல்லை. அப்போதுதான் குப்பை ஞாபகம் வந்தது. விதிகள் செய்த வேலையை வரிசையாக எழுதி வைக்கும் பக்கம் ஒன்று உண்டு, அதைத் திறந்தேன்.

அவள் இறந்த அன்று குப்பையில் அவளுடைய பேச்சு இருபத்திரண்டு இருந்திருக்கிறது. அதற்கு முந்தைய இரண்டு வருடத்துப் பேச்சு ஏற்கெனவே போய்விட்டது. மிச்சம் இருந்த இருபத்திரண்டும், நாங்கள் தலையைக் குனிந்து ஜெபம் பண்ணிக்கொண்டிருந்த அந்த முப்பது நாளில், ஒவ்வொன்றாகப் போயிருக்கின்றன. நான் பெட்ஷீட்டைத் தூக்கிய ஒன்பதாம் நாள் ஒன்று. மகள் கோடு போட்ட காலைகளில் பெரும்பாலும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம், எத்தனை வினாடி என்று பக்கத்தில் எழுதியிருந்தது. கடைசி வரியில் ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு வினாடி. புதன்கிழமை நான் துணி எடுக்க வந்தபோது குப்பைக்குப் போயிருக்கிறது; அழிந்தது வெள்ளிக்கிழமை. இரண்டே நாள் முன்னால்.

அடக்கத்தன்று சொந்தக்காரர்கள் எடுத்து அனுப்பிய வீடியோக்கள் எல்லாம் இருந்தன. பெட்டிக்குள் அவள் படுத்திருப்பது, பூப் போடுவது, நான் நிற்க முடியாமல் நிற்பது. அவை சாயங்காலத்துக்கு மேல் வந்தவை. அதனால் விதி அவற்றைத் தொடவில்லை. தெரிந்த முகங்கள் ஒரே இடத்தில் இருந்ததால் 'குடும்ப விழா' என்று பெயர் போட்டு அடுக்கி வைத்திருந்தது.

மறுநாளே டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் அழிந்ததை மீட்டுத் தருகிற கடைக்குப் போனேன். அவர் நாள் முழுக்கப் பார்த்தார். அந்த இடத்தில் எல்லாம் புது வீடியோ ஏறி உட்கார்ந்துவிட்டது என்றார். "அந்தா போயிந்தி அண்ணா" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, எல்லாம் போய்விட்டது என்று கையையும் விரித்துக் காட்டினார். காசு வேண்டாம் என்றதும்தான் எனக்கு உறைத்தது.

வீட்டில் வேறு எங்காவது இருக்குமா என்று தேடினேன். கல்யாண வீடியோவில் அவள் உறுதிமொழி சொல்லும் இடத்தில் ஸ்டுடியோக்காரர் மேலே பாட்டைப் போட்டிருக்கிறார்; உதடு மட்டும் அசைகிறது. மகளை எடுத்த வீடியோக்களில் எல்லாம் படம் பிடித்தவளே அவள்தான். குழந்தை பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு எடுப்பாள். எங்கேயாவது ஒரு 'ம்' கேட்கிறது. அந்த 'ம்'மை எத்தனை தடவை திருப்பித் திருப்பிக் கேட்பது? எனக்கு வேறு குரல் ஞாபகத்தில் இல்லை. கண்ணை மூடினால் அந்தக் கீச்சுக் குரல்தான் வருகிறது, இரட்டை வேகத்தில். கூடவே வாழ்ந்த மனுஷியின் சொந்தக் குரல் எனக்குத் தெரியவில்லை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

மகளிடம் மட்டும் சொல்லியாக வேண்டும். அடுத்த ஞாயிறு மத்தியானம் அவளை உட்கார வைத்துச் சொன்னேன். விதி, குப்பை, முப்பது நாள், எதையும் மறைக்கவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடசியா அனுப்புனதுல அம்மா இன்னா சொன்னா?"

தலைவலியைச் சொன்னேன். டீயைச் சொன்னேன். சயின்ஸ் நோட்டைச் சொன்னேன்.

"அப்பறம்?"

அப்புறம் என்ன என்று எனக்குத் தெரியாது. 'அப்புறம் ஏங்க' வரைக்கும்தான் கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மீதியை நானாகச் சொன்னேன். "பாப்பா தங்கமான பொண்ணு, அவள நெனச்சாலே எனக்கு சந்தோஷமா இருக்குது, நீங்க ரெண்டு பேரும் எப்பவும் தைரியமா இருக்கணும்னு சொன்னா" என்றேன்.

மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா அப்டி பேசமாட்டா நைனா" என்றாள்.

"வேற எப்டி பேசுவா? நீ பேசிக் காட்டு" என்றேன். கிண்டலாகக் கேட்கவில்லை. அவளுக்காவது தெரிந்திருக்கும், அவள் வாயிலிருந்து ஒரு தடவை வந்தால் போதும் என்று பிச்சை கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அம்மா தலை பின்னும்போது செய்வதுபோல முகத்தைக் கொஞ்சம் சாய்த்தாள். வாயைத் திறந்தாள். "ஏங்க" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். மறுபடி ஒரு தடவை "ஏங்க" என்றாள். அது அவளுடைய குரலாகத்தான் இருந்தது.

"வரல நைனா" என்றாள்.